ஓட்டம் கம்மி, விலையும் கம்மி: பழைய பெரிய காரை வாங்கலாமா?



பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு ஆற அமரப் படியுங்கள்.

கடந்த ஒரு வருடத்தில் என் பழைய மாணவர்கள் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், பழைய ஃபாரின் கம்பெனி கார் ஒண்ணு வருது. மாடல்தான் பழசு, ஓட்டம் ரொம்பக் கம்மி. விலையும் கம்மி. வாங்கலாமா?" மூன்று பேருக்கும் போனில் இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்தேன். நான்காவதாகக் கேட்டவன் என் சொந்தத் தங்கை மகன். அவனுக்கு இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை. அவனோடு போய் வண்டியைப் பார்த்தேன். மூன்று நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. ஜெர்மன் கம்பெனி கார். பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் கமெண்ட்டில் கம்பெனிச் சண்டை தொடங்கிவிடும். நான் சொல்லப்போவது எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும். 2011-ல் பதிவு செய்தது. பெட்ரோல், ஆட்டோமேட்டிக். காளவாசலில் இருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஒரு டாக்டர் வீட்டு வண்டி. ஒரே ஓனர். வாங்கியபோது 45 லட்சம். மீட்டரில் 31,000 கிலோமீட்டர். இப்போது கேட்கிற விலை 7 லட்சம்.

என் மருமகனிடம் 7 லட்சம் இருந்தது. தேனி ரோட்டில் சின்ன எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். ஐந்து வருடம் கட்டிய சீட்டு இப்போதுதான் முடிந்து கைக்கு வந்தது. அவன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தங்கை எனக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தாள். "அண்ணே, அது புள்ளை படிப்புக்குன்னு போட்ட சீட்டு. நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறான். நீங்க சொன்னாத்தான் கேப்பான்."

மறுநாள் அவனே வந்தான். "மாமா, நீங்க ஒரு தடவ வந்து பாருங்க. பாத்துட்டு அப்புறம் வேணாம்னு சொல்லுங்க."

போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போர்ட்டிகோவில் உறையை எடுத்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. கறுப்பு நிறம். உள்ளே மர வேலைப்பாடு. கதவைச் சாத்தினால் 'தொம்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வெளிச் சத்தமே இல்லை. நான் ஓட்டுவது 2013 மாடல் சின்னக் கார். 86,000 கிலோமீட்டர் ஓடியது. கதவைச் சாத்தினால் தகர டப்பா மூடுகிற சத்தம் வரும். பத்து நிமிடம் அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தபோது, என் பி.எஃப். பணம் எந்த வங்கியில் எவ்வளவு கிடக்கிறது என்று மனம் தானாகவே கூட்டிப் பார்த்தது. ஆகவே, ஆசைப்படுகிறவர்களைக் கேலி செய்து எழுதும் பதிவு அல்ல இது.

இப்போது கணக்கு.

14 வருடத்தில் 31,000 கிலோமீட்டர். வருடத்துக்கு சுமார் 2,200. நாளைக்கு 6 கிலோமீட்டர். காளவாசலில் இருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு போய்த் திரும்புகிற தூரம். மருமகன் இதைப் பெருமையாகச் சொன்னான். "டாக்டர் பூப்போல வச்சிருந்திருக்காரு மாமா."

உங்களுக்கு வகுப்பில் நான் சொன்னது நினைவிருக்கும். ஒருவன் 100 மார்க், இன்னொருவன் பூஜ்யம் என்றால் சராசரி 50. ஆனால் அந்த வகுப்பில் 50 வாங்கியவன் ஒருவனும் இல்லை. அதனால் சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டேன். டாக்டரின் மனைவி நல்ல மனுஷி, தேடி எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பதிவு 2019 டிசம்பர், 28,400 கிலோமீட்டர். அதாவது முதல் 8 வருடத்தில் வருடத்துக்கு 3,550. அடுத்த 6 வருடத்தில் மொத்தமே 2,600. அவரிடம் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். "அவருக்கு முடியாமப் போனதுலேர்ந்து யாரும் எடுக்கறதில்லைங்க சார். வாரத்துக்கு ஒரு தடவை வாட்ச்மேன் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுவாரு. அவ்வளவுதான்."

ஆக, இது குறைவாக ஓடிய வண்டி என்பதைவிட, ஆறு வருடம் நின்ற வண்டி என்பதே சரி. இரண்டும் ஒன்றல்ல.

நிற்கிற வண்டிக்கு என்ன ஆகும்? ஓடினால் தேய்வது இரும்பு. நின்றால் கெடுவது ரப்பரும் எண்ணெயும். டயர், வீல் ஆர்ம் புஷ், இஞ்சின் மவுண்ட், பெல்ட், தண்ணீர் ஹோஸ், ஆயில் சீல் இவை எல்லாம் ரப்பர். கிலோமீட்டர் எவ்வளவு என்று ரப்பருக்குத் தெரியாது. வருடம் மட்டும்தான் தெரியும். நம் ஊர் சித்திரை வெயிலும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். அதனால்தான் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். ஈரம் ஏறிய பிரேக் ஆயில், கொடைக்கானல் மலையில் இறங்கும்போது சூடாகிக் கொதித்தால், பிரேக் பெடல் காலுக்குக் கீழே போய்விடும்.

வாரத்துக்கு ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது வண்டிக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிட்டால், உள்ளே உண்டாகும் நீராவி வெளியே போகாமல் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்ய எடுத்த சார்ஜ்கூட பேட்டரிக்குத் திரும்ப வராது. வாட்ச்மேன் நல்லெண்ணத்தோடுதான் செய்தார். 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியிருந்தால்தான் பயன் இருந்திருக்கும்.

இன்னொன்று பெட்ரோல். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2023-க்கு முன்னால் வந்த வண்டிகள் பெரும்பாலும் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலுக்குத் தண்ணீரை ஈர்க்கும் குணம் உண்டு. தினமும் ஓடி, டேங்க் காலியாகி நிரம்புகிற வண்டியில் இது பெரிதாகத் தெரியாது. மாதக்கணக்கில் நிற்கிற டேங்கிலும், பழைய ரப்பர் குழாயிலும் தெரியும்.

மருமகன் டயரைத் தட்டிக் காட்டினான். "பட்டன் அப்படியே இருக்கு மாமா. புதுசு மாதிரி." டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். இதை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். அந்த வண்டியில் 2214 என்று இருந்தது. 2014-ஆம் வருடம் 22-ஆவது வாரத்தில் செய்த டயர். பதினோரு வயது. அந்த டயரில் 120 கிலோமீட்டர் வேகத்தில் நான்குவழிச் சாலையில் போவது தற்கொலைக்குச் சமம்.

அடுத்த நாள் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போனோம். அவரும் என் மாணவர்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் 35 வாங்குவதற்குள் என் உயிரை எடுத்தவர். இன்று பட்டறையில் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். வண்டியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் எலிக்கூடு. நல்ல வேளை, ஒயரை அதிகம் கடிக்கவில்லை. பிறகு ஒரு அட்டையின் பின்பக்கம் அவர் போட்ட கணக்கு இது. நான் சொல்லிக் கொடுத்ததை விட நன்றாகப் போட்டிருந்தார்.

டயர் நான்கு: 56,000. பேட்டரி: 18,000. இஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், கூலன்ட் என எல்லா எண்ணெயும் ஃபில்டரும்: 46,000. முன்பக்க ஆர்ம், புஷ் எல்லாம்: 95,000. பெல்ட், ஹோஸ், மவுண்ட்: 35,000. கூட்டினால் இரண்டரை லட்சம். இன்சூரன்ஸ், எஃப்.சி., பெயர் மாற்றம், அலைச்சல் எல்லாம் சேர்த்து இன்னொரு 40,000. ஆக 2 லட்சத்து 90 ஆயிரம். 7 லட்சத்து வண்டி, ரோட்டில் நம்பி இறக்குகிற நிலைக்கு வரும்போது 10 லட்சத்துக்குப் பக்கம்.

"சார், இது தெரிஞ்ச செலவு" என்றார் மெக்கானிக். "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோ ஏ.பி.எஸ். யூனிட்டோ போச்சுன்னா, அது தனிக் கதை. அதுக்கு நான் இப்ப விலை சொல்ல முடியாது."

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். காரின் விலை வருடா வருடம் இறங்கும். அதன் உதிரி பாகத்தின் விலை இறங்காது. 45 லட்சத்துக் கார் இன்று 7 லட்சம். ஆனால் அதன் ஹெட்லைட், ஆர்ம், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் இன்றும் 45 லட்சத்துக் காரின் சாமான்கள்தான். நீங்கள் 7 லட்சத்துக் காரை வாங்குவதாக நினைக்கிறீர்கள். பராமரிக்கப் போவது 45 லட்சத்துக் காரை. முதல் ஓனரின் வருமானத்துக்கு ஏற்ற செலவு, அவர் வண்டியை விற்ற பிறகும் வண்டியோடுதான் வரும்.

"இன்சூரன்ஸ் இருக்கே மாமா" என்றான் மருமகன். இருக்கிறது. ஆனால் எப்படி? வண்டிக்கு ஐந்து வயதாகும் வரை அதன் மதிப்பைக் கணக்கிட ஒரு அட்டவணை உண்டு. ஐந்தாவது வருடத்தில் பாதி கழிந்துவிடும். அதற்கு மேல் கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கொள்கிற தொகைதான். விபத்தில் கிளெய்ம் செய்தால், பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர் இவற்றில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். இரும்புப் பாகத்திலும் பத்து வயது தாண்டிய வண்டிக்குப் பாதி கழிவு. கழிவே இல்லாத பாலிசி இவ்வளவு பழைய வண்டிக்கு லேசில் கிடைக்காது. ஒரு பம்பர் உடைந்தால், பாதிப் பணம் நம் பை.

காகிதத்துக்கு வருவோம். தனியார் காரின் ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான் செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். முன்பு இதற்கு 600 ரூபாய் கட்டணம். 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. இறக்குமதிக் காராக இருந்தால் 40,000. 20 வயது தாண்டிவிட்டால் 10,000, இறக்குமதி என்றால் 80,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். இதற்கு மேல் பசுமை வரி. நாங்கள் பார்த்த வண்டிக்கு ஆர்.சி. அடுத்த வருடம் முடிகிறது. அதாவது வாங்கிய கையோடு இந்த வேலையும் காத்திருக்கிறது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆர்.சி.யில் இருப்பது தவறிப்போன டாக்டரின் பெயர். ஓனர் இறந்துவிட்டால், படிவம் 31 கொடுத்து முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் 29, 30 படிவம் போட்டு வாங்குகிறவர் பெயருக்கு வரும். புரோக்கர் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார், பழைய கையெழுத்து இருக்கு" என்று இழுத்தார். இறந்தவர் கையெழுத்தில் வண்டி வாங்காதீர்கள். எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வெளியூரில் இருக்கும் மாணவர்கள் டெல்லி வண்டியைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே 10 வயது தாண்டிய டீசல், 15 வயது தாண்டிய பெட்ரோல் வண்டிகளை ஓட்டக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி ஓனர்கள் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. இந்தக் குழப்பத்தில், அங்கே பெரிய கார்கள் பாதி விலைக்குத் தள்ளப்பட்டுத் தெற்கே வருகின்றன. மலிவு உண்மைதான். ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, வாங்க வேண்டும். கடன் இருந்தால் வங்கியிடம் படிவம் 35 வாங்கி அடைப்பை நீக்க வேண்டும். இங்கே வண்டியின் வயதைப் பார்த்து ஆயுள் வரி கட்ட வேண்டும். டெல்லி விலையோடு இதையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகு மலிவா என்று சொல்லுங்கள்.

ஓட்டம் குறைவாக இருக்க மூன்றாவது காரணமும் உண்டு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று டிவியில் பார்த்தோம். மூழ்கிய வண்டியும் சுத்தம் செய்யப்பட்டு எங்கேயோ ஓர் ஊரில் விற்பனைக்கு நிற்கும். சீட்டைப் பின்னால் தள்ளி அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கடைசி ஓர் அடியில் சேற்றுக் கறை தெரியும். மீட்டரைத் திருப்பி வைத்திருப்பார்களோ என்று சந்தேகம் இருந்தால் பெடல் ரப்பரையும் ஸ்டீயரிங் தோலையும் பாருங்கள். 30,000 ஓடிய வண்டியின் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்காது.

இப்போது நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மருமகன் முட்டாள் அல்ல. அவன் வைத்த வாதம் வலுவானது. "மாமா, பத்து லட்சத்துக்குப் புதுக்கார் வாங்குனா இந்த இரும்பு இருக்குமா? இதுல 2011-லயே ஆறு ஏர்பேக்." உண்மை. நம் நாட்டில் டிரைவருக்கே ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு எட்டு வருடம் முன்பே அந்தக் காரில் எல்லாம் இருந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் நான்கு டயரிலும், பிரேக் ஆயிலிலும், ஒரு சென்சாரிலும் தொங்குகிறது. அவற்றுக்குச் செலவு செய்ய முடியாதவனுக்கு ஆறு ஏர்பேக் வெறும் எண்ணிக்கைதான். புதுச் சின்னக் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்பதையும் சொன்னேன். அவன் முகம் மாறவில்லை.

நன்றாக வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். கோவையில் இருக்கும் என் மாணவர் ஒருவர் 2008 மாடல் ஜெர்மன் கார் வைத்திருக்கிறார். வாங்கிய விலைக்குச் சமமான தொகையைத் தனியாக வங்கியில் போட்டு, 'அது கார் பணம்' என்று தொடாமல் வைத்திருக்கிறார். தினமும் ஓட்டுகிறார். வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது. அவருக்கு அது நல்ல வியாபாரம்தான். புதிதாக வாங்கினால் வட்டியிலும் மதிப்புக் குறைவிலும் போகிற பணம் அவருக்கு மிச்சம்.

பெரிய கார் நம் ஊரில் எப்படிக் கைவிடப்படும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய பாடம் உண்டு. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1985-ல் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு சொகுசுக் காரை இறக்கியது. இங்கிலாந்தின் ரோவர் காரின் உடல். உள்ளே பழைய காலத்து 2 லிட்டர் இஞ்சின். பார்க்க அவ்வளவு அழகு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மேல மாசி வீதியில் ஒன்று நின்றபோது சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். 1988-ல் அதன் தயாரிப்பே நின்றுவிட்டது. அதே ரோட்டில் ஓடிய அம்பாசடர் 2014 வரை வந்துகொண்டிருந்தது. அம்பாசடர் ஒன்றும் உயர்ந்த கார் அல்ல. ஆனால் உசிலம்பட்டியில் நின்றாலும் உசிலம்பட்டியிலேயே சாமானும் ஆளும் கிடைக்கும். ஒரு காருக்கு ஆயுள் அதன் இஞ்சினில் மட்டும் இல்லை. பக்கத்துப் பட்டறையிலும் கடையிலும் இருக்கிறது.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு மூன்று கேள்வி. இவற்றுக்குப் பதில் இருந்தால் வாங்குங்கள்.

ஒன்று, வண்டி ஏன் ஓடவில்லை? 'ஓனர் பத்திரமாக வைத்திருந்தார்' என்பது பதில் இல்லை. சர்வீஸ் புத்தகத்தில் தேதியோடு பதில் வேண்டும். ஓட்டம் குறைவாக இருந்தும் வருடா வருடம் ஆயில் மாற்றியிருந்தால், அது நிஜமாகவே நல்ல வண்டி.

இரண்டு, வாங்கிய பிறகு, அதே விலையில் பாதியாவது முதல் வருடத்துக்கென்று கையில் மிஞ்சுமா? அந்தப் பணம் போனால் வீட்டில் வேறு எதுவும் நிற்காமல் இருக்குமா?

மூன்று, யார் பார்ப்பார்கள், எங்கே பார்ப்பார்கள்? கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கத் தெரிந்த ஆள் நம் ஊரில் இருக்கிறாரா? வாரத்தில் ஒரு நாளாவது அதை நன்றாக ஓட்டுவீர்களா, இல்லை நீங்களும் உறை போட்டு மூடி வைப்பீர்களா?

மருமகனுக்கு முதல் கேள்விக்குப் பதில் சாதகமாக இல்லை. இரண்டாவதற்குப் பதிலே இல்லை. இருந்த 7 லட்சமும் மகளின் கல்லூரிப் பணம். மூன்றாவதற்கு மட்டும் ஆள் இருந்தார். மூன்றில் ஒன்று. என் வகுப்பில் அது ஃபெயில் என்று சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான். "அப்பா இருபத்திரண்டு வருசம் முதலாளி கார் ஓட்டுனாரு மாமா. நான் லீவு நாள்ல போய்த் துடைச்சுக் குடுப்பேன். ஒரு நாளு, பின் சீட்டுல ஏறி உட்கார்ந்துட்டேன். அப்பா கையப் பிடிச்சு இறக்கி விட்டாரு. அடிக்கல. ஆனா அவரு முகம் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு."

என் மச்சான் ஒரு மில் முதலாளியிடம் டிரைவராக இருந்தார். கான்டெஸா கார். அது எனக்குத் தெரியும். இந்தக் கதை தெரியாது. முப்பத்தைந்து வருடமாக அவன் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவனிடம் நான் டயர் எண்ணைப் பற்றியும் படிவம் 31 பற்றியும் மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போது என்ன சொல்வது என்று எனக்குத் தோன்றவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னது இதுதான். "உங்கப்பா உன்னை இறக்கி விட்டது, அது அடுத்தவர் வண்டி என்பதால். இந்த வண்டியும் அப்படித்தான். நீ வாங்கினாலும், அதை வைத்துக் காப்பாற்ற உன்னால் முடியாத வரைக்கும், அது டாக்டர் வண்டிதான். உன் மகள் காலேஜ் முடிக்கட்டும். அப்போது உன்னிடம் இரண்டு பங்கு பணம் இருந்தால், நானே கூட வந்து வாங்கித் தருகிறேன்." கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று இன்னும் தோன்றுகிறது.

வண்டியை அவன் வாங்கவில்லை. போன வாரம் திண்டுக்கல் பக்கத்துப் பார்ட்டி ஒருவர் ஐந்தரைக்கு எடுத்துப் போய்விட்டாராம். அன்று மாலை மருமகன் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். காலியாக இருக்கும் போர்ட்டிகோ. தரையில் நான்கு டயர் தடம், நடுவில் ஒரு ஆயில் கறை. கீழே ஒன்றும் எழுதவில்லை. மூன்று வாரமாக வீட்டுப் பக்கம் வரவும் இல்லை. சீட்டுப் பணத்தை மகள் பெயரில் போட்டுவிட்டதாகத் தங்கை சொன்னாள்.

கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த ஆயில் கறையைப் பார்த்த பிறகு சுத்தமாக இல்லை. ஆனால் ஒருவன் 'வாங்கலாமா' என்று கேட்டால், வண்டியின் அடியில் குனிந்து பார்ப்பதற்கு முன்னால், 'எதுக்குப்பா உனக்கு இது?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அதை நான் நான்காவது நாள் வரை கேட்கவில்லை. முன்னால் கேட்ட மூன்று மாணவர்களிடமும் கேட்கவில்லை. இந்தப் பதிவைப் பார்த்தால் அந்த மூவரும் ஒரு போன் செய்யுங்கள்.

மருமகனும் இதைப் படிப்பான் என்று தெரியும். டேய், ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வா. உன் அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மற்றவர்கள் யாராவது இப்படி ஒரு வண்டி பார்த்து வைத்திருந்தால், புரோக்கர் அனுப்பும் பளபளப்புப் போட்டோ எனக்கு வேண்டாம். டயரின் நான்கு இலக்க எண், சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கம், ஆர்.சி. இந்த மூன்றையும் மட்டும் எடுத்து வாருங்கள். காலை நடை முடிந்து ஏழரைக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். காளவாசலில் இறங்கிக் கணக்கு வாத்தியார் வீடு என்று கேட்டால் சொல்வார்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்